எந்த ஊர் சீஸ்?

கேள்வி: என் பேத்தி பிரெஞ்சு வகுப்பில் லா ஃபோந்தேனின் 'காகமும் நரியும்' பாட்டை மனப்பாடம் செய்கிறாள். மரத்தில் இருக்கும் காகத்தைப் புகழ்ந்து பாட வைத்து, அலகிலிருந்து விழும் சீஸை நரி தூக்கிக்கொண்டு போகிற கதைதான். முகஸ்துதிக்கு மயங்காதே என்பதைத் தவிர இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அதில் வேறு என்ன நீதி இருக்கிறது?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: நீதி கிடக்கட்டும். அது எந்த ஊர் சீஸ்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிரெஞ்சுத் தத்துவஞானி ரூசோவே கேட்டிருக்கிறார். 1762இல் வந்த 'எமீல்' நூலில் இந்தப் பதினெட்டு வரிப் பாட்டை வரிவரியாகப் பிய்த்துப் போட்டவர், சீஸ் வந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்விஸ்ஸா, ப்ரீயா, ஹாலந்தா என்று விசாரிக்கிறார். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். 260 வருஷமாக நிலுவையில் கிடக்கும் வழக்கை நாம் முடித்து வைப்போம்.

லா ஃபோந்தேன் 1621இல் பிறந்த ஷத்தோ-தியெரி, ப்ரீ வட்டாரத்தை ஒட்டிய ஊர். எனவே என் ஓட்டு ப்ரீக்கு. ஆனால் சிக்கல் இருக்கிறது. இன்றைக்கு விற்கிற மோ ஊர் ப்ரீ ஒரு முழு வட்டு 36 செ.மீ. அகலம், இரண்டரை கிலோவுக்கு மேல் எடை. அண்டங்காக்கையே ஒன்றேகால் கிலோதான் தேறும். தன்னைப்போல இரண்டு மடங்கு கனத்தை அலகில் கவ்விக்கொண்டு கிளையில் உட்கார்ந்த பறவையை நரி புகழ்ந்தது என்றால், அதற்குப் பெயர் முகஸ்துதி இல்லை, நியாயமான பாராட்டு. சரி, ஒரு துண்டுதான் என்பீர்கள். பழுத்த ப்ரீ துண்டு பாட்டுக்கெல்லாம் காத்திருக்காது, தானாகவே வழிந்துவிடும். ஓட்டை விழுந்த ஸ்விஸ் என்றால் ஓட்டைக்குள் அலகு மாட்டிக்கொள்ளும். முழுக் கச்சேரி செய்தாலும் கீழே விழாது. ஹாலந்து உருண்டையைக் கவ்வவே முடியாது. ஈசாப் மரபில் இறைச்சி என்றுதான் இருந்தது. ரோமாபுரியில் ஃபேத்ருஸ் அதை ஜன்னலிலிருந்து திருடிய சீஸாக்கினார். லா ஃபோந்தேன் அந்த ஜன்னலையும் எடுத்துவிட்டார். நம் ஊர்க் கதையில் பறிகொடுத்த பாட்டியாவது வடைச்சட்டியோடு கண்ணுக்குத் தெரிகிறாள்.

இன்னொன்று. காகம் வாயைத் திறந்தால் சீஸ் விழுகிறது. அதைக் கவ்விய நரி நான்கு வரி பிரசங்கம் செய்கிறது, விழவில்லை. எப்படி? மேடைப் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட நீதி அந்தப் பிரசங்கத்தில்தான் இருக்கிறது. கவிஞர் தன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. 'புகழ்கிறவன் எல்லாம் கேட்கிறவன் செலவில்தான் பிழைக்கிறான். இந்தப் பாடம் ஒரு சீஸுக்குத் தகும்' என்று, திருடிய கையோடு நரியே சொல்லி, ஃபீஸையும் வரவு வைத்துக்கொள்கிறது. இதைத்தான் பிள்ளைகள் எழுந்து நின்று ராகம் போட்டு ஒப்பிக்கிறார்கள். இதைக் கேட்கிற பிள்ளை காகத்தைப் பார்த்துச் சிரிக்கும், நரி பக்கம் சேரும் என்றார் ரூசோ. தன் ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டவர் குழந்தை வளர்ப்புக்கு நூல் எழுதியது எனக்குத் தீராத கடுப்பு. ஆனால் இந்த இடத்தில் மனுஷன் சொன்னது சரி.

பேத்தியிடம் ஒரு இடத்தைக் காட்டுங்கள். சீஸ் மேலே இருக்கிறவரை நரி கூப்பிடுவது 'மொஸ்யு து கொர்போ'. அந்த 'து' பிரபு வம்சத்துக்கு உரிய ஒட்டு. சீஸ் கைக்கு வந்ததும் 'மோன் போன் மொஸ்யு', அதாவது 'அட, நல்ல மனுஷரே'. வம்சம் போயே போய்விட்டது. சும்மா தோன்றிய நகைச்சுவை இல்லை இது. பிரபுக்களுக்கே உரிய பட்டத்தைப் பத்திரங்களில் தன் பெயரோடு போட்டுக்கொண்டதற்காக 1662இல் லா ஃபோந்தேனுக்கு 2000 லிவ்ர் அபராதம் விழுந்தது. கட்டப் பணம் இல்லை. என்ன செய்தார்? புய்யோன் பிரபுவுக்குச் செய்யுளில் ஒரு மனு எழுதினார். புகழ்ச்சி எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆயுள் முழுக்க அவருக்கு அதுதான் தொழில். நிதி அமைச்சர் ஃபூக்கே மானியம் கொடுத்தார். பதிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவிதை, தவணை தவறக் கூடாது. 1661இல் ராஜா ஃபூக்கேயைச் சிறையில் போட்டார். அப்போதும் ஃபூக்கேயை விட்டுக்கொடுக்காமல் கருணை கேட்டு எழுதினாரே, அதற்காக இவருடைய மற்ற எல்லா ஜால்ராவையும் மன்னிக்கலாம். இந்தப் பாட்டு அடங்கிய 1668 தொகுப்பை ஆறு வயது இளவரசனுக்கு, சாமி சந்நிதிக்குரிய சொற்களோடு சமர்ப்பித்தார். பிறகு சுமார் இருபது வருஷம் மதாம் த லா சப்லியேர் வீட்டுச் சாப்பாடு. 'எல்லாரையும் அனுப்பிவிட்டேன், நாயும் பூனையும் லா ஃபோந்தேனும்தான் மிச்சம்' என்று அந்த அம்மாள் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. நரி வேலை பார்த்தவர் எழுதியதால்தான் நரியின் வசனம் இவ்வளவு துல்லியம்.

நம் கவிஞர்கள் இந்தத் தொழிலில் மட்டம். 'தங்கள் எழுத்தின் கடைக்கோடி ரசிகன்' என்று கடிதம் வரும். அடுத்த தபாலில் இருநூறு பக்கக் கவிதையும் அணிந்துரைக்குக் கடைசித் தேதியும் வந்து சேரும். இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை திட்டிவிட்டேன், நிற்கவில்லை. போன மாதம் ஒரு பாராட்டு விழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடையை மேடைக்குப் பின்னால் ஒரு தம்பி பவ்யமாக வாங்கிக்கொண்டு போனார். ஐந்து நிமிஷத்தில் அது அடுத்தவர் தோளில் இருந்தது. மஞ்சள் சரிகையில் குங்குமக் கறை. அடையாளம் தெரியாமல் போகுமா?

நம் ஆட்கள் கதையைத் திருத்தி, வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு 'கா' என்று பாடும் சாமர்த்தியக் காகத்தையும் உருவாக்கிவிட்டார்கள். பெரிய திருத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. வடை தப்பியது சரி. பாடாமல் இருக்க முடிந்ததா அதனால்?

லா ஃபோந்தேனுக்கு வருவோம். 1683இல் பிரெஞ்சு அகாதமி அவரைத் தேர்ந்தெடுத்தது. காலியான நாற்காலி ராஜாவின் அமைச்சர் கொல்பேருடையது; ஃபூக்கேயைக் கவிழ்த்ததே இந்தக் கொல்பேர்தான். பதினான்காம் லூயி உடனே சம்மதிக்கவில்லை. இவருடைய கிளுகிளுப்புக் கதைகளும் ஃபூக்கே விசுவாசமும் மனதில் இருந்திருக்கும். அடுத்த வருஷம் இன்னொரு கவிஞரான புவாலோவும் தேர்வான பிறகுதான் ராஜா இறங்கி வந்தார். லா ஃபோந்தேனையும் சேர்த்துக்கொள்ளலாமாம், 'இனி ஒழுங்காக இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்'. வாக்குக் கொடுத்தவருக்கு அப்போது வயது 62.