வரிசை ஏன் முக்கியம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நான்கு சொற்பட்டியல்களைக் கொடுத்து 20 பேரின் நினைவாற்றலைச் சோதிக்கப் போகிறேன். எல்லாருக்கும் ஒரே வரிசையில் கொடுக்காதே என்கிறார் வழிகாட்டி. இருக்கும் 24 வரிசைகளையும் பயன்படுத்த ஆள் போதாது. என்ன செய்யலாம்?
– உளவியல் மாணவி, நாகர்கோவில்

நான்கு வரிசைகளே போதும். எந்த நான்கு என்பதில்தான் சிக்கல். பலர் 1-2-3-4, 2-3-4-1, 3-4-1-2, 4-1-2-3 என்று சுழற்றி எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை வருவதால் பயிற்சியின் விளைவும் களைப்பின் விளைவும் சமமாகிவிடும். ஆனால் நான்கில் மூன்று வரிசைகளில் 1 முடிந்த கையோடு 2 வருகிறது. முதல் பட்டியலின் சொற்கள் மனதில் ஒட்டிக்கொண்டு இரண்டாவதைக் குழப்பினால், இரண்டாவது பட்டியலே கடினம் என்று தவறாக முடிவு செய்வீர்கள்.

இப்படி எழுதுங்கள்: 1-2-4-3, 2-3-1-4, 3-4-2-1, 4-1-3-2. இதில் எந்தப் பட்டியலுக்கு அடுத்தும் மற்ற மூன்றும் சரியாக ஒவ்வொரு முறை வரும். புள்ளியியலாளர் வில்லியம்ஸ் 1949-இல் விளக்கிய அமைப்பு இது. ஒரு வரிசைக்கு ஐந்து சீட்டு வீதம் 20 சீட்டு எழுதி, ஆட்கள் வரும் முன்பே குலுக்கி எடுத்து நோட்டில் பதிந்துவிடுங்கள். வருபவரின் முகத்தைப் பார்த்து வரிசையைத் தேர்ந்தால் எல்லாம் வீண். யாராவது பாதியில் விலகினால், அவருக்குப் பதில் வருபவருக்கும் அதே வரிசைதான். பட்டியல்கள் ஐந்தானால் ஐந்து வரிசைகளில் இந்தச் சமநிலை கிடைக்காது. பத்து வரிசைகள் வேண்டும், ஆட்களும் பத்தின் மடங்கில் வேண்டும்.

கடைசி 20 குலுக்கலில் இறுதி இலக்கமாக 7 வரவேயில்லை. இனி வந்தாக வேண்டும் என்று அண்ணன் எல்லை தாண்டிப் போய் லாட்டரி வாங்குகிறார். அவர் சொல்வதில் ஏதாவது உண்டா?
– களியக்காவிளை

இல்லை. அடுத்த குலுக்கலிலும் 7 வரும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். முந்தைய முடிவுகள் குலுக்கும் எந்திரத்துக்குத் தெரியாது. குறிப்பிட்ட ஓர் இலக்கம் 20 முறையும் வராமல் போகும் நிகழ்தகவு 12 சதவீதம். ஆனால் பத்து இலக்கங்களில் ஏதாவது ஒன்றாவது அப்படி விடுபட்டுப்போகும் நிகழ்தகவு 78 சதவீதத்துக்கும் மேல். ஆக, எந்த நாளில் தேடினாலும் ‘வராத எண்’ ஒன்று பெரும்பாலும் கையில் சிக்கும். அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பணம் போன பிறகு காட்டிப் பயனில்லை.

பெனால்டி பயிற்சியில் ஒவ்வொரு பையனும் மூன்று உதை. ‘கோல் அடித்ததற்கு அடுத்த உதையும் கோலா’ என்ற சதவீதத்தை ஆளுக்கு ஆள் கணக்கிட்டுச் சராசரி எடுத்தேன். மொத்தக் கோல் சதவீதத்தைவிடக் குறைவாக வருகிறது. கோல் போட்டதும் பையன்கள் அசட்டையாகிவிடுகிறார்களா?
– உடற்கல்வி ஆசிரியர், தூத்தூர்

பையன்களைக் குறை சொல்லாதீர்கள், கணக்கிட்ட முறையே இப்படிக் காட்டும். நாணயத்தை வைத்துப் பாருங்கள். மூன்று சுண்டலில் எட்டு வரிசைகள் சாத்தியம். தலைக்கு அடுத்து ஒரு சுண்டலாவது இருப்பவை ஆறு: தலை-தலை-தலை (100%), தலை-தலை-பூ (50%), தலை-பூ-தலை (0), தலை-பூ-பூ (0), பூ-தலை-தலை (100%), பூ-தலை-பூ (0). கூட்டி ஆறால் வகுத்தால் 250/6, அதாவது 41.7 சதவீதம். நேர்மையான நாணயத்திலேயே 50 வரவில்லை! தலை-தலை-தலையில் இரண்டு வாய்ப்புகள் இருந்தும், ஒரே வாய்ப்புள்ள வரிசைக்குச் சமமாகவே அதை எண்ணுகிறோம்.

கில்லோவிச், வலோன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் மூவரும் 1985-இல் கூடைப்பந்தை ஆராய்ந்து, ‘கை சூடு பிடிப்பது’ (சில முறை கூடையில் போட்டவர் அடுத்ததையும் போடும் வாய்ப்பு கூடுவது) வெறும் மாயை என்றார்கள். இந்தச் சாய்வு அவர்கள் கணக்கிலும் இருந்ததை மில்லர், சஞ்சுர்ஹோ என்ற பொருளியலாளர்கள் 2018-இல் காட்டிய பிறகு அந்த முடிவு ஆட்டம் கண்டது.

எல்லாருடைய உதைகளையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் இந்தச் சாய்வு போகும். ஆனால் வேறொன்று வரும். திறமையான பையனின் உதைகளே ‘கோலுக்கு அடுத்தது’ என்பதில் நிரம்பி, சூடு பிடித்ததுபோல் தோன்றும். சரியான வழி: ஒவ்வொரு பையனின் முடிவுகளையும் அவனுக்குள்ளேயே கலைத்து அடுக்கி, நீங்கள் எடுத்த அதே சராசரியை மறுபடி எடுங்கள். கணினியில் 1,000 முறை செய்யுங்கள். உண்மையான சராசரி அந்த ஆயிரத்தின் ஓரத்தில் விழுந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. மூன்று உதை மிகக் குறைவு. பல நாட்களில் பிரித்து ஆளுக்குக் குறைந்தது 50 உதை சேருங்கள்.

வாழை ரகங்களில் மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏவில் ஓரிரு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதி) ஒன்றை பிசிஆர் முறையில் நகலெடுத்து நீளம் பார்த்தேன். ஏத்தனில் ஒரே இடத்துக்கு வரைபடத்தில் மூன்று உச்சிகள், அதாவது மூன்று நீளங்கள். மாதிரி கலந்துவிட்டதா?
– உயிர்தொழில்நுட்ப மாணவர், குலசேகரம்

ஏத்தன் (நேந்திரன்) மும்மடிய வாழை, அதாவது ஒவ்வொரு குரோமோசோமும் மூன்று பிரதிகள். மரபணுத் தொகுதி ஏஏபி (ஏ, பி என்பவை இரு காட்டு வாழை மூதாதைகளைக் குறிக்கும்). மூன்று உச்சிகள் இயல்பே. செவ்வாழையும் மும்மடியம்தான், ஏஏஏ. நான்கு உச்சிகள் வந்தால் சந்தேகப்படுங்கள்.

அதற்கு முன் போலி உச்சிகளைக் களையுங்கள். ஈரெழுத்துத் தொடர்களில் பாலிமரேஸ் (நகலெடுக்கும் நொதி) வழுக்குவதால், உண்மையான உச்சிக்கு 2 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) குறைவான இடத்தில் சிறிய உச்சி எழும். டிஎன்ஏ அளவையும் பிசிஆர் சுழற்சிகளையும் குறைத்துப் பாருங்கள். 35 சுழற்சியை 28–30 ஆக்கலாம். ஒரு காரம் கூடுதலாகத் தெரிந்தால், நொதி முனையில் ‘ஏ’ (அடினின்) என்ற காரத்தைச் சேர்த்திருக்கிறது. கடைசி 72 டிகிரி கட்டத்தை 30 நிமிடம் ஓட்டினால் எல்லாத் துண்டுகளிலும் சீராகச் சேர்ந்துவிடும். டிஎன்ஏ இல்லாத ஒரு குழாயையும் எப்போதும் உடன் ஓட்டுங்கள். அதில் உச்சி வந்தால் கலப்படம் உறுதி. விரியாத குருத்திலையே நல்லது. முற்றிய இலையின் பீனால்கள் டிஎன்ஏவைக் கெடுக்கும்.

இன்னொன்று: ஒரே தூரில் எடுத்த பத்துக் கன்றுகள் பத்து மாதிரிகள் ஆகாது. மரபணு அளவில் அவை ஒரே செடி.

இரண்டு வருடத் தினசரி மழைக் குறிப்பு கையில் இருக்கிறது. இன்று மழை என்றால் நாளையும் மழை என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டா?
– பேச்சிப்பாறை

உண்டு. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் மழைநாள் என்று குறியுங்கள். மழை-மழை, மழை-வறட்சி, வறட்சி-மழை, வறட்சி-வறட்சி என்ற நான்கு ஜோடிகளையும் எண்ணி, மழைக்கு அடுத்து மழை வந்த விகிதத்தையும் வறட்சிக்கு அடுத்து மழை வந்த விகிதத்தையும் ஒப்பிடுங்கள். ரஷ்யக் கணிதவியலாளர் மார்கோவ் 1913-இல் ஒரு ரஷ்யக் கவிதை நூலின் 20,000 எழுத்துகளை இப்படித்தான் எண்ணினார்: உயிரெழுத்துக்கு அடுத்து உயிர் 13 சதவீதம், மெய்க்கு அடுத்து உயிர் 66 சதவீதம்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டு. ஜூன்–செப்டம்பர், அக்டோபர்–டிசம்பர், மற்ற மாதங்கள் என்று தனித்தனியே எண்ணுங்கள். சேர்த்து எண்ணினால், ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் மழைமாத நாட்கள் ஒருபுறமும் வறண்ட நாட்கள் மறுபுறமும் திரண்டு, தொடர்பு இருப்பதுபோல் காட்டிவிடும்.