அமெரிக்காவில் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்கள் உள்ளூர்க்காரர்களின் வேலையைப் பறித்துக்கொண்டு, அரசு உதவியிலும் வாழ்கிறார்கள் என்பது உண்மையா? சட்டப்படி வரிசையில் நிற்பவர்களுக்கு இது அநியாயம் இல்லையா?

உதவித்தொகை பற்றிய பாதி பெரும்பாலும் தவறு. வேலை பற்றிய பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் பழி போய்ச் சேருகிற இடம் தப்பு. டெக்சாஸில் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் பார்ப்பது என் பிழைப்பு. உணவகம், கூரை வேலை, தோட்டப் பராமரிப்பு, அலுவலகத் துப்புரவு என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் இந்தச் சண்டையின் நடுவில் இருப்பவர்கள். டிவியில் கத்துகிறவர்களில் எத்தனை பேர் ஒரு பேரோல் பட்டியலைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

எத்தனை பேர்? ப்யூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டில் 2007-ல் 1 கோடியே 22 லட்சம். பிறகு குறைந்து, 2023-ல் 1 கோடியே 40 லட்சமாக ஏறியது. எல்லோரும் எல்லை தாண்டி நடந்து வந்தவர்கள் அல்ல. விசா வாங்கி விமானத்தில் வந்திறங்கி, தேதி முடிந்தும் திரும்பாதவர்களும் கணிசமாக உண்டு. இந்தியர்களும் இதில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் 104 பேரை விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கியபோதுதான் நம்மில் பலருக்கு இது உறைத்தது.

இனி வேலைக்குச் சேருவது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒருவர் சோஷியல் செக்யூரிட்டி (அரசின் ஓய்வூதியத் திட்டம்) அட்டையும் அடையாள அட்டையும் கொண்டுவந்து நீட்டுகிறார். வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவத்தை முதலாளி நிரப்பி வைத்துக்கொள்கிறார். இந்தப் படிவம் அதிபர் ரீகன் 1986-ல் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்தது. ஆவணமில்லாதவர் என்று 'தெரிந்தே' வேலைக்கு வைத்தால்தான் அந்தச் சட்டப்படி குற்றம். அட்டை பார்வைக்கு உண்மையானது போல் இருந்தால் முதலாளி ஏற்றுக்கொள்ள வேண்டும். அவராகக் கூடுதல் ஆவணம் கேட்டு ஆளை அலைக்கழித்தால், பாகுபாடு காட்டினார் என்று அவர் மீதே புகார் வரலாம். அதனால் எல்லோரும் அட்டையைப் பார்க்கிறார்கள், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த முதலாளிகள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் 'தெரியாமல்' இருப்பதால்தான் தங்களுக்கு லாபம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆளின் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 சதவீதம் பிடித்தம். முதலாளி தன் பங்காக அதே அளவு போடுகிறார். வருட முடிவில் டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று அரசுக்குப் போகிறது. பெயரும் எண்ணும் பொருந்தாத வரவுகளை சோஷியல் செக்யூரிட்டி துறை தனிக் கோப்பில் போட்டு வைக்கிறது. பணம் மட்டும் நிதியில் சேர்ந்துவிடும். 2010-ஆம் ஆண்டில் ஆவணமில்லாதவர்களால் அந்த நிதிக்கு நிகரமாகக் கிடைத்தது சுமார் 1,200 கோடி டாலர் என்று அந்தத் துறையின் தலைமைக் கணிப்பாளர் அலுவலகமே சொன்னது. இந்த நிலையிலேயே இருக்கும்வரை இவர்களுக்கு அதிலிருந்து ஓய்வூதியம் கிடையாது. இடதுசாரிச் சாய்வுள்ள வரி ஆய்வு அமைப்பு ஒன்று 2022-க்குப் போட்ட கணக்கில், மத்திய, மாநில, உள்ளாட்சி வரிகள் எல்லாம் சேர்த்து இவர்கள் கட்டியது 9,670 கோடி டாலர். சாய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சின்னத் தொகை இல்லை.

கையில் ரொக்கமாகக் கூலி வாங்குபவர்களும் உண்டு, மறைக்கவில்லை. அங்கே பிடித்தமும் இல்லை, வரியும் இல்லை. ஆனால் அதில் முதலாளிக்கு மிஞ்சுவது தொழிலாளிக்கு மிஞ்சுவதைவிட அதிகம். இன்னொரு பக்கம், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்காக 1996-ல் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கொண்டுவந்த ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்ணை வைத்துக்கொண்டு, பிப்ரவரி பிறந்தால் என் அலுவலகத்துக்கு வந்து நேர்மையாக வரி கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கு அரசு தரும் வரிச்சலுகை அவர்களுக்குக் கிடையாது, அதற்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். பிறகு ஏன் கட்டுகிறார்கள்? என்றாவது ஒருநாள் சட்டம் மாறினால், 'ஒழுங்காக வரி கட்டினாயா?' என்று கேட்பார்கள், அன்றைக்குக் காட்டக் காகிதம் வேண்டும் என்பதற்காக.

உதவித்தொகை விஷயத்துக்கு வருகிறேன். அதிபர் கிளிண்டன் 1996-ல் கையெழுத்திட்ட சட்டம் கதவைச் சாத்திவிட்டது. உணவு வாங்க உதவும் ஃபுட் ஸ்டாம்ப், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான வழக்கமான மெடிகெய்டு, ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவி எதுவும் ஆவணமில்லாதவர்களுக்கு இல்லை. முறையாக கிரீன் கார்டு வாங்கியவர்களில் பலரே முதல் 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 'வந்து இறங்கியதும் அரசு வீடு கொடுத்துச் சோறு போடுகிறது' என்று ஃபார்வர்டு செய்பவர்கள் இந்தச் சட்டத்தின் ஒரு பக்கத்தையாவது படித்திருக்கலாம்.

அப்படியானால் அவர்களுக்காக ஆகும் செலவு என்ன? முக்கியமாக மூன்று. ஒன்று, உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவு திருப்பி அனுப்பக் கூடாது. 1986-ல் வந்த இன்னொரு சட்டம் இது. இரண்டு, இங்கே பிறந்த அவர்களுடைய குழந்தைகள் அமெரிக்கக் குடிமக்கள், அதனால் குழந்தையின் பெயரில் ஃபுட் ஸ்டாம்பும் மெடிகெய்டும் கிடைக்கும். புள்ளிவிவரச் சண்டைகளில் பாதி இந்தக் குழந்தைகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான். பெற்றோர் கணக்கில் எழுதினால் 'சுமை'. அதே பிள்ளை வளர்ந்து வரி கட்டும்போது மட்டும் சாதாரண அமெரிக்கர் கணக்கில் போய்விடுகிறது!

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, பள்ளிக்கூடம். இது டெக்சாஸில் முளைத்த வழக்கு. சட்டப்படி வராத பிள்ளைகளுக்குப் பணம் தர மாட்டோம் என்று இந்த மாநிலம் 1975-ல் சட்டம் போட்டது. டைலர் நகரப் பள்ளி நிர்வாகம் அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. 1982-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. அன்றிலிருந்து நாடு முழுக்க இந்தப் பிள்ளைகளுக்கும் பள்ளி இலவசம். அதற்கான பணத்தில் பெரும்பகுதி மாநில நிதியிலிருந்தும் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும் வருகிறது.

சிக்கல் இங்கேதான். வருமான வரியும் சோஷியல் செக்யூரிட்டி பிடித்தமும் வாஷிங்டனுக்குப் போகின்றன. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவழிப்பது மாநிலமும் ஊரும். கூட்டுக் குடும்பத்தில் சம்பாத்தியம் மூத்தவன் பெட்டிக்குப் போக, பந்தி மட்டும் இளையவன் வீட்டில் நடப்பது போல. இளையவன் புலம்பினால் அது பொய்ப் புலம்பல் இல்லை. தேசிய அறிவியல் கழகம் 2016-ல் வெளியிட்ட பெரிய அறிக்கை, சட்டப்படி வந்தவர்களையும் சேர்த்து, ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: குடியேறிய முதல் தலைமுறையால் மாநில, உள்ளாட்சி நிதிக்கு நிகரச் செலவு, அதில் பெரும்பங்கு பிள்ளைகளின் படிப்புக்கு, அந்தப் பிள்ளைகளோ வளர்ந்தபின் நாட்டின் மிக வலுவான வரிதாரர்களில் சேர்கிறார்கள்.

நியூயார்க்கில் நடந்ததும் இந்தக் கோளாறின் இன்னொரு முகம். 2022 முதல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குடியேறிகள் அங்கே வந்தார்கள். தங்க இடம் கேட்டவருக்கு இடம் தர வேண்டும் என்பது 1981-ல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டால் அந்த நகரத்தின் கடமை. நூற்றுக்கணக்கான கோடி டாலர் கரைந்தது. ஆனால் தஞ்சம் கேட்டு மனுப் போட்டவர் வேலை அனுமதி பெற 180 நாள் காத்திருக்க வேண்டும் என்பது அப்போது மத்திய அரசின் விதி. வேலை செய்யாதே என்று ஓர் அரசு கையைக் கட்டிப்போட, சோறு போடு என்று இன்னோர் அரசின் தலையில் எழுதினால் கோபம் யார் மேல் திரும்பும்? மாநில நிதியில் மருத்துவம் கொடுத்துப் பார்த்த இல்லினாய் 42 முதல் 64 வயது வரையிலானவர்களுக்கான திட்டத்தை 2025-ல் நிறுத்தியது. கலிபோர்னியாவும் 2026 முதல் வயது வந்தவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்த முடிவெடுத்தது. இரண்டும் ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள்.

வேலைப் பறிப்பு பற்றிப் பொருளாதார அறிஞர்களே நாற்பது வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். 1980-ல் கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோ மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட, சில மாதங்களில் 1,25,000 கியூபர்கள் ஃபுளோரிடாவுக்குப் படகேறி வந்தார்கள். மயாமியின் உழைப்பாளர் எண்ணிக்கை திடீரென்று 7 சதவீதம் கூடியது. கூலி சரிந்திருக்க வேண்டுமே? பெரிதாகச் சரியவில்லை என்று 1990-ல் டேவிட் கார்ட் எழுதினார். 2021-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அதே தரவைப் பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களுக்கு மட்டும் பிரித்துப் பார்த்து, அவர்களுக்கு 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்தது என்றார் ஜார்ஜ் போர்ஹாஸ். அவரே கியூபாவில் பிறந்து சிறுவனாக இங்கே வந்தவர். மாதிரி மிகச் சிறியது என்று அவரை மற்றவர்கள் மறுத்தார்கள். என் பார்வையில், அடி விழுவது உண்மை, ஆனால் அது எல்லோர் மேலும் விழுவதில்லை. பள்ளி முடிக்காத உள்ளூர்க்காரர் மேலும், முன்பே குடியேறி அதே வேலையைச் செய்துகொண்டிருப்பவர் மேலும் விழுகிறது. கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் என் மேல் விழவில்லை. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் இதைப் பற்றித் தாராளமாகப் பேச முடிகிறது.

ஆட்களை வெளியேற்றினால் கூலி தானாக ஏறிவிடுமா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து பண்ணைக் கூலிகளை ஒப்பந்தத்தில் கொண்டுவந்த பிராசெரோ திட்டம் 1942-ல் தொடங்கி 1964-ல் மூடப்பட்டது. கூலி உயரும் என்றார்கள். தக்காளி அறுவடைக்கு எந்திரம் வந்தது. எந்திரம் இல்லாத சில பயிர்களைப் பயிரிடுவதே குறைந்தது. கூலி சொல்லிக்கொள்ளும்படி ஏறவில்லை.

என் கண்ணில் படுவது வேறு. என்னிடம் கணக்கு பார்த்த ஒரு கூரை ஒப்பந்தக்காரர், ஆட்களை எல்லாம் ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு 1099-க்கு மாற்றச் சொன்னார். அதாவது காகிதத்தில் அவர்கள் தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். அவர் பங்கு 7.65 சதவீதம் மிச்சம், ஓவர்டைம் மிச்சம். ஆவணமில்லாதவர்கள் வாய் திறக்கவில்லை, திறக்க முடியாது. அதே குழுவில் இருந்த அமெரிக்கக் குடிமகனான மேஸ்திரி எதிர்த்துக் கேட்டார். பிடிக்கவில்லை என்றால் போகலாம் என்றார்கள், போய்விட்டார். நானும் அந்தக் கணக்கை விட்டுவிட்டேன். மேஸ்திரியின் வேலையைப் பறித்தது யார்? அவர் வீட்டில் மெக்சிகோக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சட்டமே இதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறது. செய்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்கும் உரிமை ஆவணமில்லாதவருக்கும் உண்டு, ஏட்டில். ஆனால் தொழிற்சங்கம் சேர்க்க முயன்றதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவருக்கு, அவர் ஆவணமில்லாதவர் என்பதால், இழந்த சம்பளம் கிடையாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைவிட மலிவான ஆள் முதலாளிக்கு எங்கே கிடைப்பான்? 'அமெரிக்கனே வேண்டும்' என்று எந்த முதலாளி சொல்வான்? பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் ஒரு காலத்தில் ஆவணமில்லாதவர்களை வேலைநிறுத்தத்தை உடைக்கக் கொண்டுவருவதை எதிர்த்துப் போராடினார். அவரை வெறுப்பாளர் என்று யாரும் சொல்ல முடியாது.

தண்டனையும் ஒருபக்கம்தான் இறங்குகிறது. 2019 ஆகஸ்டில் மிசிசிப்பியின் கோழி ஆலைகளில் ஒரே நாளில் சுமார் 680 தொழிலாளர்களைப் பிடித்தார்கள். ஓராண்டு கழித்து மேலாளர் நிலையில் இருந்த 4 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. வேலைக்கு எடுப்பவரின் விவரத்தை அரசுத் தரவில் ஒப்பிட்டுப் பார்க்க இ-வெரிஃபை என்ற ஏற்பாடு இருக்கிறது. அரிசோனா 2007-லேயே எல்லா முதலாளிகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. எல்லைப் பாதுகாப்பு என்று அதிகம் முழங்கும் எங்கள் டெக்சாஸோ, அரசு அலுவலகங்களுக்கு மட்டும் கட்டாயமாக்கிவிட்டு, பெரும்பாலான தனியார் முதலாளிகளைத் தொடவில்லை. அதைத் தனியாகக் கட்டாயமாக்கினாலும் சரிவராது. வயலில் பயிர் வேலை செய்கிறவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆவணமில்லாதவர்கள், அவர்கள் நேரே ரொக்கக் கூலிக்குப் போவார்கள். இங்கேயே வேரூன்றிவிட்டவர்களுக்குச் சட்ட அந்தஸ்தும் முதலாளிக்குக் கடிவாளமும் சேர்ந்து வர வேண்டும் என்பது என் கட்சி. 1986-ல் முதல் பாதி நடந்தது, சுமார் 27 லட்சம் பேருக்கு அந்தஸ்து கிடைத்தது. இரண்டாம் பாதிதான் அந்த 'தெரிந்தே' என்ற ஓட்டை. 2013-ல் இரண்டையும் கோத்த மசோதா செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறியது. கீழவை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

கடைசியாக வரிசை. நம் ஆட்கள் இதைச் சொல்லும்போது எனக்குப் புரிகிறது, நானும் கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தவன்தான். ஆனால் நம் வரிசை நகராததற்குக் காரணம் எல்லை தாண்டி வந்தவர் அல்ல. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு என்று 1990-ல் போட்ட வரம்பும், எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியும்தான். அவர்கள் அத்தனை பேரும் நாளைக்கே கிளம்பிப் போனாலும் நமக்கு ஒரு கிரீன் கார்டுகூட அதிகமாகக் கிடைக்காது. வரிசையில் வா என்று அவர்களிடம் சொல்வதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இங்கே நெருங்கிய உறவினரும் இல்லை, பட்டமும் இல்லை, கைத்தொழிலில் இரண்டு வருடப் பயிற்சியும் இல்லை என்ற ஒரு கட்டடத் தொழிலாளிக்கு நிரந்தரமாக வர உள்ள வேலை வழிப் பிரிவில், உலகம் முழுவதற்கும் சேர்த்து, குடும்பத்தாரையும் எண்ணி, ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 இடங்கள்.