அம்மா சொல்வதே சரி: பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பாட்டுக் கேட்பது எப்படி?

கேள்வி: திருச்சியில் சொந்த அடுக்ககத்தில் வசிக்கிறோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட ஓர் அறையைக் கர்நாடக இசை கேட்பதற்கென ஒதுக்கியிருக்கிறேன். தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ். நீளச் சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. ஒரு குறுக்குச் சுவரில் சன்னல், மறு குறுக்குச் சுவரின் மேல் பரண். பாடகர் குரல் கூசுகிறது. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி ‘ஊம்’ என்று இழுத்துக்கொண்டே போகிறது. சுவர் முழுக்கக் கறுப்பு ஃபோம் ஒட்டச் சொல்கிறார் கடைக்காரர். தஞ்சாவூர் ஓவியங்கள் இருக்கும் அறையை ஸ்டுடியோ ஆக்க விடமாட்டேன் என்கிறார் அம்மா. ஃபோம் ஒட்டலாமா, அல்லது அந்தப் பணத்தில் கீழ் ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்கலாமா?

பதில்: உங்கள் அம்மா அழகை நினைத்துச் சொன்னது ஒலியின் கணக்குப்படியும் சரியாகவே இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பவை ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் அல்ல, இரண்டு தனித்தனி நோய்கள். குரலின் கூச்சம், வழவழப்பான சுவரிலும் டைல்ஸிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் மேல் அதிர்வெண்களால் வருவது. தொப்பியின் இழுவை, அறையின் நீள அகலங்களாலும் ஸ்பீக்கரும் சோபாவும் இருக்கும் இடத்தாலும் வருவது. கடையில் கிடைக்கும் மெல்லிய ஃபோம் முதலாவதை மட்டும் அளவுக்கு மீறி அடக்கிவிட்டு, இரண்டாவதைத் தொடாமல் விட்டுவிடும். கூச்சம் போனபின் ‘ஊம்’ முன்னைவிடத் தூக்கலாகத் தெரியும். தீப்பிடித்தால் சாதாரண ஃபோம் நச்சுப்புகையோடு வேகமாக எரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெர்மோகோலும் முட்டை அட்டையும் இந்த வேலைக்கு உதவாதவை.

முதலில் இழுவையைப் பார்ப்போம், ஏனெனில் அதற்கான மருந்தில் பெரும்பகுதிக்குச் செலவே இல்லை. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,140 அடி செல்கிறது. அந்த எண்ணை, எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு இடையேயுள்ள தூரத்தின் இருமடங்கால் வகுத்தால், அந்தச் சுவர்களுக்கு நடுவே ஊஞ்சல்போல ஆடிக்கொண்டு அடங்க மறுக்கும் மிகக் கீழான அதிர்வெண் கிடைக்கும். உங்கள் 12 அடிக்கு அது 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு. 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாகவே இருப்பதால் 57 ஹெர்ட்ஸில் இரண்டு ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இப்போது உங்கள் ஸ்பீக்கர்கள் ஒரு நீளச் சுவரை ஒட்டியும் நீங்கள் மறு நீளச் சுவரை ஒட்டியும் இருக்கிறீர்கள். இந்த ஆட்டத்தின் அழுத்தம் சுவரோரத்தில்தான் உச்சம். அதைக் கிளப்புவதற்கு மிகத் தோதான இடத்தில் ஸ்பீக்கரும், வாங்கிக்கொள்வதற்கு மிகத் தோதான இடத்தில் உங்கள் காதும் இருக்கின்றன. 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 20 அடி. சுவரில் ஒட்டிய நார்ப்பொருள் ஓர் அலையை நன்றாகக் குடிக்க வேண்டுமானால் அது அலைநீளத்தில் கால்பங்கு கனத்தை நெருங்க வேண்டும், அதாவது 5 அடி. இரண்டு இஞ்சு ஃபோமிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே அறையைத் திருப்பிவிடுங்கள். ஸ்பீக்கர்களை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்து, பரண் இருக்கும் 10 அடிச் சுவருக்கு முன்னால், உட்கார்ந்தவரின் காது மட்டத்துக்கு ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சிறு வட்டு) வரும்படி கனமான ஸ்டாண்டுகளில் வையுங்கள். பின்சுவரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளியும், ஒன்றுக்கொன்று ஐந்து, ஐந்தரை அடி இடைவெளியிலும், இரு பக்கச் சுவர்களிலிருந்தும் சரிசமமான தூரத்திலும் அவை இருக்கட்டும். ஆனால் தரை, பக்கச் சுவர், பின்சுவர் மூன்றுக்கும் ஒரே தூரம் வந்துவிடக் கூடாது. சோபாவைச் சன்னல் சுவரிலிருந்து நான்கு அடி முன்னால் இழுத்து, அகலத்துக்கு நட்டநடுவில் போடுங்கள். நீளத்துக்கு நடுவான ஆறடியில் மட்டும் உட்காராதீர்கள். அங்கே 47 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்தே போகும். இப்படி இரண்டு ஸ்பீக்கர்களும் அகலத்தில் சமச்சீராக நின்று ஒரே தொப்பி ஒலியைத் தரும்போது, அகலவாட்டிலான 57 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை ஒன்று தள்ள மற்றொன்று தடுக்கும். போதாததற்கு, அந்த ஆட்டம் ஒடுங்கியிருக்கும் நடுக்கோட்டில் நீங்கள் இருப்பீர்கள். எஞ்சுவது உயரவாட்டில் உள்ளது மட்டுமே. சுவரை விட்டுத் தள்ளி நிற்கும் சோபா கண்ணுக்கு முதலில் உறுத்தலாம். அதன் முதுகுக்குப் பின்னால் இடுப்பளவு உயரமுள்ள ஒரு குறுகிய மேசையும் ஒரு விளக்கும் வைத்தால் அது வேண்டுமென்றே செய்த அமைப்பாகிவிடும்.

இனிக் குரலின் கூச்சம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்ற புகாரைத் தீர்க்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எதிர்முழக்கம் (ஒலி நின்றபின்னும் அறையில் நீடிக்கும் முழக்கம்) எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். திறந்த சன்னலை அவர் உறிஞ்சலின் அளவுகோலாகக் கொண்டார்; ஒரு சதுர அடி திறந்த சன்னலை நாம் ஓர் அலகாகக் கொள்வோம். வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை அல்லவா? (நம் பழைய வீடுகளின் முற்றத்தில் உட்கார்ந்து பாடினால் ஒலி ஏன் அத்தனை தெளிவாக இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை. தலைக்கு மேலே இருந்தது முழுமையான உறிஞ்சி.) அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம் நொடிகளில் கிடைக்கும்.

உங்கள் அறை 1,200 கன அடி; ஆறு பக்கங்களும் சேர்ந்து 680 சதுர அடி. பூசிய சுவரும் டைல்ஸும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் விழுங்கும் என்று வைத்துக்கொண்டால், வெற்று அறையின் உறிஞ்சல் 20 அலகு. முழக்கம் ஏறக்குறைய 3 நொடி. இந்த அளவு அறையில் பாட்டுக் கேட்க 0.4 நொடி போதும், அதற்கு 147 அலகு வேண்டும். மெத்தை சோபா 18 வரை தரும். சன்னலுக்கு மட்டுமல்லாமல் அந்தச் சுவர் முழுவதற்கும், எட்டடி உயரத்துக்கு, சுவரின் அகலத்தைப்போல் இருமடங்கு துணி எடுத்துக் கொசுவிவிட்ட கனத்த திரைச்சீலை, நடுத்தர அதிர்வெண்களில் 40 தரும். ஆறுக்கு எட்டு அடி விரிப்பு 12. பவானி ஜமக்காளம் தனியாக இதைச் செய்யாது, அது மெல்லியது; அடியில் பத்து மில்லிமீட்டர் ஃபெல்ட் (அழுத்திய நார்த்துணி) போட்டு மேலே ஜமக்காளம் விரித்தால் அழகை ஜமக்காளமும் வேலையை ஃபெல்ட்டும் பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கு நான்கு அடியில், இரண்டு இஞ்சு ராக்வூல் (பாறையிலிருந்து செய்யும் நார்ப்பஞ்சு) பேனல்கள் ஆறு செய்தால் 48. வெற்று அறையின் 20உடன் எல்லாம் சேர்ந்து 138. நீங்கள் ஒருவர் உட்கார்ந்தால் இன்னும் நான்கு. கணக்கு முடிந்துவிட்டது, ஒரு துண்டு ஃபோம்கூட இல்லாமல். இதற்குமேல் மென்துணிகளை அடுக்காதீர்கள். அடுக்கினால் தம்புராவின் மினுமினுப்பு போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆம்ப்ளிஃபயராலும் முடியாது.

ஆனால் இந்தக் கணக்கு 500 ஹெர்ட்ஸுக்கானது. 125 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அதே திரைச்சீலை 40க்குப் பதில் 11தான் தரும், விரிப்பு ஓர் அலகு தருவதே அரிது. வீட்டு அலங்காரப் பொருள்கள் எல்லாம் மேல் ஒலியைத் தின்று கீழ் ஒலியை விட்டுவைப்பவை. கனம் வேண்டும், அந்தக் கனம் கண்ணில் படவும் கூடாது. இதற்கு உங்கள் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது: பரண். இரண்டடி ஆழமும் மூன்றடி உயரமுமாக, சுவரும் கூரையும் சந்திக்கும் விளிம்பில், அதாவது கீழ் ஒலியின் அழுத்தம் குவியும் இடத்தில், 60 கன அடி இடம் காத்திருக்கிறது. அதில் அட்டைப்பெட்டிகளுக்குப் பதிலாக இலவம்பஞ்சு மெத்தைகளையும் தலையணைகளையும் இறுக்கித் திணிக்காமல் தளர்வாக நிரப்புங்கள். பிளைவுட் கதவைக் கழற்றிவிட்டு, மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய கதவு போடுங்கள். 47 ஹெர்ட்ஸை இது ஒழித்துவிடாது. அதற்கு மேலே உள்ள கீழ் ஒலிகளின் கனம் காதுக்குத் தெரியும்படி குறையும்.

பேனல்களைத் தச்சரிடமே செய்துகொள்ளலாம். கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூலை மரச்சட்டத்தில் பொருத்தி, முன்னும் பின்னும் மெல்லிய நான்-வோவன் துணியால் மூடி, அதன்மேல் அலங்காரத் துணி. வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், அரிப்பு பொல்லாதது. துணியை அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே ஒரு சோதனையை மட்டும் சொல்லிக்கொடுங்கள். துணியை வாயருகே பிடித்து ஊதினால் மூச்சு மறுபுறம் தாராளமாகப் போக வேண்டும். மதுரைச் சுங்குடிப் பருத்தி பெரும்பாலும் இதில் தேறும். நெருக்கமாக நெய்த பட்டில், குறிப்பாகச் சரிகைப் பகுதியில், மூச்சு முட்டும். சுவருக்கும் பேனலுக்கும் இடையே இரண்டு இஞ்சு விட்டு மாட்டுங்கள். அந்தக் காற்றிடைவெளி பேனலைக் கனமான பேனல்போல வேலை செய்ய வைக்கும், ஈரமும் தங்காது. ஓதம் ஏறிய சுவராக இருந்தால் முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள்.

மாட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் சோபாவில் உட்கார, வேறொருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, அதில் உங்களுக்கு ஸ்பீக்கர் தெரியும் இடமே முதல் எதிரொலிப்பு விழும் இடம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பேனல்களை அங்கே மாட்டுங்கள். மிச்சம் இரண்டை ஸ்பீக்கர்களுக்குப் பின்னுள்ள மூலைகளில் குறுக்காக நிறுத்துங்கள்.

தஞ்சாவூர் ஓவியங்கள் எங்கே போவது? ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உள்ள சுவரின் நடுவில். பெட்டி ஸ்பீக்கரின் முதுகுப்பக்கம் கீழ் ஒலியே சூழ்ந்துவரும். மேல் ஒலி முன்னோக்கிப் போய்விடுவதால், அந்தச் சுவரில் உள்ள கண்ணாடிச் சட்டம் மற்ற இடங்களைப்போலக் காதைக் கூசவைக்காது. அம்மா எதிரில் உட்கார்ந்ததும் கண்ணில் படும் இடமும் அதுவே. சட்டத்தின் பின்மூலைகளில் சிறு ஃபெல்ட் துண்டுகள் ஒட்டுங்கள். ஷோகேஸை முதல் எதிரொலிப்பு இடத்தை விட்டு விலக்கி, கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிப் புத்தகங்களை முன்னும் பின்னுமாக அடுக்குங்கள். ஒரு வீட்டில் ஸ்பீக்கரே கிழிந்துவிட்டது என்று என்னை அழைத்திருந்தார்கள். தொப்பி விழும்போதெல்லாம் வந்த அந்தக் கரகரப்பு, ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலிக் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசியதால் வந்தது. விரலால் சங்கிலியைப் பிடித்ததும் நின்றுவிட்டது. கைப்பேசிச் செயலி ஒன்றில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு, குத்துவிளக்கு, மணி, பொம்மை ஒவ்வொன்றையும் தொட்டுப்பாருங்கள்.

இவற்றால் பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தம் குறையாது. அது வேறு வேலை.

சப்வூஃபரை இப்போது வாங்க வேண்டாம். இன்றைய அமைப்பில் அது அதே 47க்கும் 57க்கும் இன்னும் தீனி போடும். மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரே கச்சேரிப் பதிவை ஒரே ஒலியளவில் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்தும் கீழ் ஒலி மெலிந்திருப்பதாகத் தோன்றினால், கடையிலிருந்து ஒரு சப்வூஃபரைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்து, சோபாவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அதை வைத்து, ஒரு தனி ஆவர்த்தனத்தை (தாளவாத்தியத் தனி வாசிப்பை) ஓடவிடுங்கள். பிறகு சுவரோரமாகக் குனிந்து, காதைத் தரையருகே வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் தொப்பியின் ஒவ்வொரு அடியும் சம கனத்தோடு விழுந்து உடனே நிற்கிறதோ, சப்வூஃபருக்கு உரிய இடம் அதுதான்.