லாங் ரேஞ்ச் டேங்க்: காற்றுக்குழாயும் பின் அச்சும்

அடிலெய்டில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு லாங் ரேஞ்ச் டேங்க், அதாவது தூரப் பயணத்துக்கான பெரிய டீசல் டேங்க், மாட்டுவதுதான் பதினான்கு ஆண்டுகளாக என் வேலை. கோடை முடிந்து பாலைவனப் பாதைகள் திறக்கும் நேரம் என்பதால் தமிழ் நண்பர்களிடமிருந்து நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. டீசல் வண்டிதான் எனக்குத் தெரிந்த களம். அதற்குள் வருவதைச் சொல்கிறேன்.

மெல்பர்னிலிருந்து: ஹைலக்ஸ் வைத்திருக்கிறேன் அண்ணா. கம்பெனி டேங்க் 80 லிட்டர். ஜூலையில் சிம்சன் பாலைவனம் கடக்க ஆசை. 140 லிட்டர் டேங்க் மாட்ட வேண்டுமா, ஜெர்ரி கேன் போதுமா?

முதலில் கணக்கைப் போடுங்கள், அப்புறம் டேங்கைப் பார்க்கலாம். பாலைவனத்தின் மேற்கே இருக்கும் மவுண்ட் டேரிலிருந்து கிழக்கே இருக்கும் பெர்ட்ஸ்வில் வரை பிரெஞ்ச் லைன் என்ற பாதை வழியாகச் சுமார் 500 கிலோமீட்டர். நடுவில் ஒரு பங்க் கூடக் கிடையாது. தார் ரோட்டில் நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் வண்டி, டயர் காற்றைக் குறைத்துக்கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல் மேடுகளை ஏறி இறங்கும்போது 20 லிட்டர் குடிக்கும். ஆக 100 லிட்டர். ஒரு மேட்டை மூன்று தடவை முயன்று ஏறுவதற்கும், வழி மாறிப் போய்த் திரும்புவதற்கும் கால் பங்கு கூடுதலாக வையுங்கள். 125 லிட்டர் ஆகிறது.

80 லிட்டர் டேங்கோடு மூன்று 20 லிட்டர் ஜெர்ரி கேன் எடுத்துப் போனால் 140 லிட்டர். ஒரே ஒரு பயணம்தான் என்றால் இதுவே போதும். கேன்களை டிரேயில் நன்றாகக் கட்டுங்கள். ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்காதீர்கள். கூரை மேலும் ஏற்றாதீர்கள்: மூன்று கேனில் 50 கிலோ டீசல் இருக்கும், அது உச்சியில் ஆடினால் மணல் மேட்டின் சரிவில் வண்டி சாயும். ஆண்டுக்கு இரண்டு தடவை போகிறவர் என்றால் டேங்க் மாட்டுங்கள். ஹைலக்ஸில் மாற்று டேங்க் பழைய டேங்க் இருந்த இடத்திலேயே, பின் அச்சுக்கு முன்னால் உட்காரும். எடைக்கு அது நல்ல இடம்.

பிரிஸ்பேனிலிருந்து: டேங்க் மாட்டிய பிறகு பங்கில் டீசல் அடித்தால் பாதியிலேயே குழாய் கட்டாகி நிற்கிறது. அரை மணி நேரம் ஆகிறது. மாட்டியவர்கள் "பெரிய டேங்க் அப்படித்தான்" என்கிறார்கள்.

அப்படி இல்லவே இல்லை. டேங்குக்குள் டீசல் இறங்க வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் காற்று அதே வேகத்தில் வெளியேற வேண்டும். அதற்குத்தான் காற்றுக்குழாய், நாங்கள் பிரீதர் என்போம். டேங்கின் உச்சிப் புள்ளியிலிருந்து அது தொடர்ந்து மேல்நோக்கியே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தொங்கினாலும் அந்தப் பள்ளத்தில் டீசல் தேங்கிக் காற்றை அடைத்துவிடும். காற்றுக்கு வழி இல்லாதபோது டீசல் ஊற்றும் வாயான ஃபில்லர் கழுத்து வரை எதிர்த்து ஏறும், பங்க் குழாய் நின்றுவிடும்.

வண்டியை மேலே தூக்கிக் குழாயை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கையால் தடவிப் பாருங்கள். சேஸியில் கிளிப் போடாமல் விட்ட இடம், கூர்மையாக மடங்கிய இடம் இரண்டில் ஒன்று அகப்படும். நான் சரி செய்ய எடுத்த வண்டிகளில் முக்கால்வாசி இதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். குழாயின் வெளி முனை எங்கே முடிகிறது? வெயிலில் சூடான டேங்க் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். முனை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே இழுக்கும். உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் இன்றைய காமன் ரெயில் இன்ஜெக்டருக்குத் தண்ணீர் பெரிய எதிரி. முனையை ஃபில்லர் மூடி உயரத்துக்காவது கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள்.

சிட்னியிலிருந்து: பெட்ரோல் வண்டிக்கு இதே டேங்க் போடலாமா?

பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர், அதன் குழாய்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. பெட்ரோல் வண்டிக்கென்றே தயாரித்த டேங்கை, அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டுபோய் மாட்டுங்கள்.

பெர்த்திலிருந்து: லேண்ட் குரூசர் 200. கம்பெனியில் 93 லிட்டரும் 45 லிட்டரும் என இரண்டு டேங்க். அந்த 45-ஐக் கழற்றிவிட்டு ஸ்டெப்னி இருந்த இடத்தையும் சேர்த்து 180 லிட்டர் மாட்டிவிட்டேன். எடை அடியில்தானே இருக்கிறது, அதனால் பாதிப்பு இல்லை என்று நண்பர் சொல்கிறார். சரியா?

அடியில் இருப்பது சாய்வுக்கு நல்லது. அச்சின் சுமைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. கூடுதல் 135 லிட்டர் டீசல் என்றால் ஏறத்தாழ 113 கிலோ. டேங்கின் இரும்பு, பின்பக்கம் தொங்கும் ஸ்டெப்னி கேரியர் எல்லாம் தனி. உங்கள் வண்டியின் மொத்த எடை வரம்பு 3,350 கிலோ, பின் அச்சுக்கு 1,950 கிலோ. எடை மேடையில் பின் அச்சை மட்டும் தனியாக ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

கான்பெராவிலிருந்து: நானும் லாங் ரேஞ்ச் போடலாம் என்றிருக்கிறேன். மாட்டினால் கேஜ் முள் சரியாகக் காட்டுமா?

டேங்குக்குள் டீசல் அளவைக் காட்டும் பழைய மிதவையையே போட்டால் காட்டாது. முள் வெகுநேரம் நிறைவிலேயே நின்றுவிட்டு அப்புறம் சடசடவென இறங்கும். "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்று திரையில் வருவதையும் நம்பாதீர்கள், வண்டியின் கம்ப்யூட்டர் பழைய டேங்கை நினைத்தே கணக்குப் போடுகிறது. டேங்க் காலியாக இருக்கும்போது 20 லிட்டர் ஊற்றுங்கள், முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த 20 ஊற்றுங்கள். அந்தத் தாளை டாஷ்போர்டில் ஒட்டுங்கள்.

பெர்த் நண்பர் மறுபடியும்: ஒப்புக்கொள்ள முடியவில்லை. 113 கிலோ என்பது ஒன்றரை ஆள். ஐந்து பேர் போகும் வண்டிக்கு அது ஒரு சுமையா? டீசலும் ஓட ஓடக் குறைந்துவிடுமே.

ஆள் உட்காருவது இரண்டு அச்சுக்கும் நடுவில். உங்கள் டேங்க் இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். துலாக்கட்டை போலத்தான் இதுவும். வீல் பேஸ், அதாவது இரண்டு அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 2,850 மில்லிமீட்டர். டேங்கின் நடு, பின் அச்சுக்கு 900 மில்லிமீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 113 கிலோ ஏற்றினால் பின் அச்சில் 149 கிலோ ஏறும், முன் அச்சில் 36 கிலோ குறையும். முன்பக்கம் லேசாவதால் ஸ்டியரிங் மிதக்கும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

ஓட ஓடக் குறையும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர், சாப்பாடு, டீசல் மூன்றும் நிறைந்திருக்கும் முதல் நாள்தான் சேஸியும் ஸ்பிரிங்கும் அதிகம் வாங்கிக்கொள்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் அந்த நேரத்து எடையைத்தான் கேட்பார்.

டார்வினிலிருந்து: பெர்த் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புது ஸ்பிரிங் போட்டால் எடை பிரச்சினை தீர்ந்தது இல்லையா?

இல்லை. ஸ்பிரிங் மாற்றினால் வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். வரம்பு கூட வேண்டுமானால் முறையான எடை வரம்பு உயர்வு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். அதிலும் பின் அச்சின் எண் எவ்வளவு கூடுகிறது என்று தனியாகக் கேளுங்கள். மொத்தம் 300 கிலோ கூடியது என்பதற்காகப் பின் அச்சிலேயே 300 ஏற்ற முடியாது.

சிட்னியிலிருந்து: ஸ்டீலா, பாலிமரா?

கல் அதிகம் உள்ள வழி, கடலோரம் என்றால் பாலிமர். துருப்பிடிக்காது, லேசானது. சைலன்சர் குழாய் டேங்கை ஒட்டிப் போகும் வண்டி என்றால் ஸ்டீல், நடுவில் வெப்பத் தடுப்புத் தகடும் வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது அந்தக் குழாய் மிகக் கடுமையாகச் சுடும்.

சென்னையிலிருந்து: சார், மஹிந்திரா தார் டீசல் வண்டி. லடாக் போகிறோம். இங்கே லாங் ரேஞ்ச் டேங்க் மாட்ட முடியுமா?

இந்தியாவில் வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அதைவிட முக்கியம், உங்களுக்குத் தேவையே இல்லை. மணாலி லே பாதையில் தாண்டி என்ற ஊரின் பங்கில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்ற பலகை பிரபலம். தாரின் டேங்க் 57 லிட்டர். மலையில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றாலும் 570 போகும். தாண்டியில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

மெல்பர்னிலிருந்து: ஸ்டீல் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா?

மேலே சொல்லிவிட்டேன்.

ஹோபார்ட்டிலிருந்து: என் பழைய டேங்கையே வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்து பெரிதாக்கலாமா? டீசல்தானே, காலி செய்துவிட்டேன்.

தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. சுவரில் ஒட்டியிருக்கும் டீசல் வெல்டிங் சூட்டில் ஆவியாகும், உள்ளே காற்றும் இருக்கிறது, ஒரு பொறி போதும். கழுவிவிட்டேன், ஒரு வாரம் வெயிலில் வைத்தேன் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. கேட்பவர் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

கான்பெராவிலிருந்து இன்னொருவர்: பங்கில் நிரப்பும்போது பாதியிலேயே...

காற்றுக்குழாய். பிரிஸ்பேன் நண்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பெர்த் நண்பர், மறுநாள்: எடை போட்டேன் அண்ணா. இரண்டு டேங்கும் நிறைய, குடும்பம், பின்னால் டிராயர் எல்லாம் சேர்த்துப் பின் அச்சில் 2,040 கிலோ. அடுத்த மாதம் கிரேட் சென்ட்ரல் ரோடு போகிறோம். டேங்கைக் கழற்றிவிடவா?

எடை போட்டதற்கு நன்றி தம்பி. கழற்ற வேண்டாம். வரம்பைவிட 90 கிலோ அதிகம். அந்த டேங்கில் உள்ள ஒவ்வொரு லிட்டரும் பின் அச்சில் சுமார் 1.1 கிலோவாக விழுகிறது. பின் டேங்கில் 180-க்குப் பதில் 95 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள், வரம்புக்குள் வந்துவிடுவீர்கள். முன் டேங்கோடு சேர்த்து 188 லிட்டர் இருக்கும். நூறு கிலோமீட்டருக்கு 15 லிட்டர் என்றாலும் 1,250 கிலோமீட்டர் ஓடும். லேவர்டனிலிருந்து கிளம்பினால் ஜுகாயிர்லா, வார்பர்டன், வாரகுர்னா என்று ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்குள் ஒரு பங்க் வந்துகொண்டே இருக்கும். பூர்வகுடிகளின் நிலம் வழியாகப் போகும் பாதை அது, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பங்க் திறந்திருக்கும் நேரத்தையும் முன்னாலேயே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.