பழைய லீஃபுக்கு எந்தப் பற்றரி?

கேள்வி: 2013 இல் தயாரித்த நிசான் லீஃப் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2015 இல் ரீகண்டிஷனாக எடுத்தோம். டாஷ்போர்டில் பற்றரிக் கோடு 12 இருந்த இடத்தில் இப்போது 6 தான். முழு சார்ஜில் 65 கிலோமீற்றர் போகும், ஏசி போட்டால் அதுவும் இல்லை. மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒருவர் பழுதான செல்லை மட்டும் மாற்றலாம் என்கிறார். மற்றவர் யப்பானிலிருந்து வந்த பாவித்த 24 யூனிட் பற்றரியைப் போடலாம் என்கிறார். மூன்றாமவர் 40 யூனிட் போட்டால் புதுக்கார் மாதிரி ஓடும் என்கிறார். எனக்குச் சந்தை, கோயில், யாழ்ப்பாணம் ரவுண்தான் ஓட்டம். மாதம் ஒருமுறை கிளிநொச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். எதைச் செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உரும்பிராய்

பதில்: ரீச்சர், மூன்று பேருக்கும் இன்னும் ஒரு கிழமை தவணை சொல்லுங்கள். அதற்குள் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

காரில் எத்தனை கிலோமீற்றர் மிச்சம் என்று காட்டும் இடத்தில் எண் மறைந்து வெறும் --- என்று வரும்வரை வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். பிறகு இரவு சார்ஜில் போடுமுன் மின்சார சபை மீற்றரைப் பார்த்து எழுதி வையுங்கள். நிரம்பியதும் மறுபடி பாருங்கள். இடையில் மோட்டர் போடாதீர்கள், பிரிட்ஜுக்கு ஒரு யூனிட் அளவில் கழித்துவிடுங்கள். வருவதில் எட்டில் ஒரு பங்கு சார்ஜ் ஆகும்போதே சூடாகப் போய்விடும். மீதிதான் உங்கள் பற்றரி கொள்ளும் அளவு. கார்க்காரர் கிலோவாட் அவர் (kWh) என்று சொல்வதும் மின்சார சபை யூனிட் என்று சொல்வதும் ஒன்றேதான். புதிதாக இருந்தபோது உங்கள் கார் இப்படி 20 யூனிட்டுக்கு மேல் குடித்திருக்கும். 6 கோட்டில் 10, 11 தான் வரும் என்பது என் கணிப்பு.

அந்தக் கோட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் கோடு விழும்போது 15 சதவீதம் போயிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடும் 6 சதவீதம் சொச்சம். ஆகவே 6 கோடு என்றால் கிட்டத்தட்டப் பாதி.

இனி அந்த மூவரிடம் வருவோம். உங்கள் பற்றரிக்குள் 48 பெட்டிகள், பெட்டிக்கு 4 செல். இரண்டிரண்டாகச் சேர்ந்து 96 சோடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். சவாரி வண்டியில் ஒரு மாடு களைத்தால் மற்ற மாடு தனியே ஓடாது அல்லவா, அதேபோல ஒரு சோடி அடிமட்டத்துக்கு வந்தால் மற்ற 95 இலும் சார்ஜ் இருந்தாலும் கார் நின்றுவிடும்.

கொக்குவில் பக்கம் ஒரு கராஜில் பார்த்தேன். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன டொங்கிளைச் செருகிவிட்டு, பெடியன் போனில் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் திறந்தான். திரை நிறைய 96 கோடுகள், பனை மட்டை வேலி மாதிரி ஒரே உயரத்தில். காரை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினான். ஒரேயொரு மட்டை மட்டும் சரசரவென்று கீழே இறங்கியது, காலை எடுத்ததும் மேலே வந்தது. அப்படி ஒன்றோ இரண்டோ மட்டும் தாழ்ந்தால் செல் மாற்றுவது நல்ல வைத்தியம், செலவும் குறைவு. உங்கள் வேலி முழுவதுமே குட்டையாகி ஒரே மட்டத்தில் நின்றால் அந்த முதல் ஆள் சொல்வதை விட்டுவிடுங்கள். கிழட்டு மாடுகளுக்கு நடுவே ஒரு இளம் மாட்டைக் கட்டுவதால் வண்டி வேகமாகாது. அந்தத் திரையைக் காட்டாமல் விலை சொல்லும் கராஜுக்கு நான் போகமாட்டேன்.

பாவித்த 24 யூனிட் பற்றரியை ஆண்டை மட்டும் பார்த்து வாங்கவேண்டாம், எஸ்.ஓ.எச். என்ற சதவீதத்தை, அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்து வாங்குங்கள். லீஃப் பற்றரியைக் குளிரூட்ட விசிறியும் இல்லை, தண்ணீரும் ஓடாது. வெயில் ஊர்களில் அது சீக்கிரம் சாகும். 2012 இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கார்க்காரர்கள் இதற்காகப் போர்க்கொடி தூக்கினார்கள், அடுத்த ஆண்டு நிசான் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் கொடுக்கவேண்டி வந்தது. 2015 மொடலில் இருந்துதான் சூட்டைத் தாங்கும் இரசாயனத்தோடு பற்றரி வந்தது. 24 யூனிட்டிலேயே அது கிடைத்தால் விடாதீர்கள். யப்பானின் குளிர்ப் பகுதியில் ஓடியதும் நல்லதுதான். ஆனால் அங்கே பனிக்காலத்தில் வீதியில் உப்புப் போடுவார்கள், அதனால் அடித்தகட்டில் கறள் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நிசான் நிறுவனமே 2018 இல் பழைய பெட்டிகளைத் தெரிந்தெடுத்துத் திரும்பக் கோத்த 24 யூனிட் பற்றரியை யப்பானில் 3 இலட்சம் யென்னுக்கு விற்கத் தொடங்கியது. அது பழையதைக் கொடுத்து மாற்றும் விலை. அப்போது புதிதாயின் 6½ இலட்சம் யென். பாவித்த பற்றரிக்கு ஒருவர் புதுவிலை சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் ஞாபகப்படுத்துங்கள்.

மூன்றாமவர் சொல்லும் 40 யூனிட் பற்றரி 2017 இல் வந்த அடுத்த தலைமுறை லீஃபுக்குரியது. உங்கள் காரின் அடியில் அது வடிவாகப் பொருந்தும், ஏறத்தாழ 300 கிலோ என்பதால் பாரமும் பெரிதாகக் கூடாது. சிக்கல் என்னவென்றால் பழைய கார் பேசுவது ஒரு பாஷை, புதுப் பற்றரி பேசுவது வேறு பாஷை. நடுவில் கேன் பிரிட்ஜ் என்ற சின்ன மொழிபெயர்ப்புப் பலகை ஒன்று வைக்கவேண்டும். அதைச் செய்தவர் நாளைக்கு வெளிநாடு போய்விட்டால் பிழை பார்க்க ஊரில் வேறு ஆள் உண்டா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஓடும் தூரம் கூடும், உண்மை. 85 சதவீதத்தில் ஒன்று கிடைத்தாலும் ஓட எடுக்கக்கூடியது 30 யூனிட்டுக்குக் கிட்ட வரும், நம் மேடுபள்ளம் இல்லாத வீதியில் யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் போட்டுப் பாருங்கள். கிளிநொச்சி போய்வர 130 கிலோமீற்றர் தாண்டாது, வழியில் சார்ஜ் தேடத் தேவையில்லை. ஆனால் காரில் இருக்கும் சார்ஜர் பழையதே, நிரம்ப இரவு முழுக்க எடுக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால், காரின் உடம்பு, சஸ்பென்ஷன், ஏசி எல்லாம் நல்ல நிலையில் இருந்து, இன்னும் 6, 7 ஆண்டுகள் அதை வைத்திருப்பீர்களானால் 40. இல்லையென்றால் அளந்த 24. உங்கள் நாளாந்த ஓட்டத்துக்கு இப்போதுள்ள 65 கிலோமீற்றரே கூடுதல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மாதத்தில் ஒருநாள் கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போனால் இந்தச் செலவை இன்னும் ஓராண்டு தள்ளலாம். மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.

எதைப் போட்டாலும் பில்லில் நான்கு விஷயம் எழுத்தில் வரவேண்டும்: பற்றரி இலக்கம், பொருத்திய அன்று காட்டிய எஸ்.ஓ.எச்., எத்தனை மாதத்துக்குள் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது, பழைய பற்றரிக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது. கடைசி விஷயத்தில்தான் நம்மாட்கள் ஏமாறுகிறார்கள். உங்கள் பழைய பற்றரியில் 10 யூனிட் இருக்கிறது, அது குப்பை இல்லை. சண்டை வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாடு 3 மாதத்துக்குள் எழுத்தில் போகவேண்டும், பில் இல்லாமல் போனால் வாயால் சொல்வதோடு முடிந்துவிடும். பற்றரி மாற்றியதைச் சொல்லி இன்சூரன்ஸ்காரருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: 2014 லீஃப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 12 கோடும் அப்படியே இருக்கிறது, விலையும் குறைவு. எடுக்கலாமா?
– வேலைக்குப் போகும் இளைஞர், நெல்லியடி

பதில்: தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். இதே 12 கோட்டைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டு காசைக் கொடுத்தவன் நான்.

கொழும்பில் ஒரு விற்பனையாளரிடம் எடுத்த கார். புளியங்குளம் தாண்டும்போதே சதவீதம் நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியது. ஏசிதான் காரணம் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். இரண்டு மாதத்தில் 11, பிறகு 10, பிறகு வாரத்துக்கு ஒருமுறை டாஷ்போர்டைப் பார்க்கவே பயம். நடந்தது இதுதான்: பற்றரிக்குள் இருக்கும் கணினியின் நினைவை அழித்து விட்டால் அது தன்னைப் புதுப் பற்றரி என்று நினைத்து 12 கோட்டையும் காட்டும். ஓடி ஓடி, சார்ஜ் ஆகி ஆகி, உண்மை அதற்கு மெல்ல மெல்லத்தான் விளங்கும். அதற்குள் விற்றவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

ஆகவே மேலே ரீச்சருக்குச் சொன்ன மீற்றர் சோதனையை உங்கள் வீட்டில் ஒருமுறை செய்ய விடுங்கள் என்று கேளுங்கள். டாஷ்போர்டைத் திருத்தலாம், உங்கள் வீட்டு மீற்றரை அவர் திருத்த முடியாது. "ஒருநாள் தரமாட்டேன்" என்றால் அதுவே பதில். 10 ஆண்டு தாண்டிய, யாழ்ப்பாண வெயிலில் நின்ற லீஃபில் 12 கோடு என்பது பற்றரி மாற்றாமலோ, அப்படி நினைவை அழிக்காமலோ நடக்கிற காரியம் இல்லை. மாற்றியிருந்தால் பில் இருக்கும், அதைக் காட்டட்டும்.

கேள்வி: கழற்றிய லீஃப் பற்றரியைச் சோலாருக்குப் பூட்டலாம் என்கிறார்கள். நானே செய்யலாமா? கொஞ்சம் வயரிங் தெரியும்.
– வேலணை வாசகர்

பதில்: பூட்டலாம், நீங்களே செய்யக் கூடாது. அந்தப் பற்றரிக்குள் 360 வோல்ட்டுக்கு மேல் நேரோட்டம் நிற்கிறது. வீட்டு மின்சாரம் மாதிரி மெயின் சுவிட்சை இறக்கி அதை அணைக்க முடியாது. தெரிந்தவர்கள்கூட நடுவில் உள்ள சேவிஸ் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடம் பொறுத்து, ரப்பர் கையுறை போட்டுத்தான் கை வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரை ஓட்டிய ஊர் நாங்கள், கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தைக் கேட்டே வருத்தம் சொல்லும் மெக்கானிக்மார் இருந்த ஊர். இந்தப் பற்றரி சத்தமே போடாது. 48 பெட்டியாகப் பிரித்து 48 வோல்ட் அளவில் கோத்து, ஒவ்வொரு சோடியையும் கண்காணிக்கும் பலகை போட்டுத் தருபவரிடம் கொடுங்கள். வீட்டுக்குள் வைக்காமல் வெளியே, நிழலில், மழை வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள். தீவுப் பக்கத்து உப்புக்காற்றுக்கு இணைப்புகள் பச்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.