உருளைகளின் மேல் எரிபொருளும் பற்றவைப்பும்: கேள்வி பதில்

கோயம்புத்தூரில் சேஸிஸ் டைனோ (சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டு முறுக்குவிசையையும் எச்பியையும் அளக்கும் கருவி) ஒன்றை இயக்கி வருபவன் என்ற முறையில், பெட்ரோல் கார்களின் டியூனிங் தொடர்பான கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, சாலையில் ஓட்டிப் பார்த்தே பற்றவைப்பு டைமிங் வைத்துவிடலாமே, உருளைகளின் மேல் ஏற்ற வேண்டிய அவசியம் என்ன?

பதில்: சாலையில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தால், எஞ்சின் 3000 சுற்றைக் கடந்துபோவது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில். பிரேக் உள்ள டைனோவில், ஆக்ஸிலேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போதே எஞ்சினை அந்த 3000 சுற்றிலேயே பிடித்து நிறுத்திவைக்க முடியும். நான் முதலில் கலவையைச் சற்றே செழிப்பாக, லாம்டா 0.87 அளவில் (லாம்டா 1 என்றால் சரிவிகிதக் கலவை, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல்) வைத்துக்கொண்டு, பிறகு அட்வான்ஸை, அதாவது பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே தீப்பொறி விழும் அளவை, இரண்டிரண்டு டிகிரியாகக் கூட்டிக்கொண்டே முறுக்குவிசையைக் கவனிப்பேன். தொடக்கத்தில் ஏறும் முறுக்குவிசை ஓரிடத்தில் ஏறாமல் தட்டையாகிவிடும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரியில் சிலிண்டர் அழுத்தம் உச்சத்தைத் தொடும் நிலை அது. அதற்கு மேல் ஒரு டிகிரி கூட்டினாலும் லாபமில்லை, வெப்பம்தான் மிச்சம். இதன்பின் கலவையை மீண்டும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கலவை மாறினால் அது எரியும் வேகமும் மாறும்.

ஆனால் நம் ஊர் சாதாரண பெட்ரோலில், கம்ப்ரஷன் கூட்டிய எஞ்சின்கள் அந்தத் தட்டையான இடத்தை எட்டும் முன்பே நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) தொடங்கிவிடும். அதை முறுக்குவிசை எண் காட்டாது, காதுதான் காட்டும். எஞ்சின் பிளாக்கில் ஒரு செப்புக் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைக் காதுக் கவசத்துடன் இணைத்துக்கொண்டு கேளுங்கள். காதில் குழாய் இல்லாமல் அட்வான்ஸைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: என் கார்புரேட்டர் மாருதி 800இல் இ20 பெட்ரோல் (20 விழுக்காடு எத்தனால் கலந்தது) போடுகிறேன். புகையை வைத்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் 14.7 காட்டுகிறது. கலவை சரியாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: சீரான வேகத்தில் போகும்போது என்றால் கவலையில்லை, முழு ஆக்ஸிலேட்டரில் என்றால் உடனே காலை எடுங்கள். அந்த சென்சார் அளப்பது லாம்டாவை மட்டுமே. மீட்டர் அதை 14.7ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்குச் சரிவிகிதம் (ஒரு பங்கு எரிபொருளுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று) 14.7, எத்தனாலுக்கு 9, இ20க்குச் சுமார் 13.5. உங்கள் மீட்டர் 14.7 காட்டும்போது உள்ளே உண்மையில் இருப்பது 13.5தான். ஆகவே மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிக்கொண்டு, முழுச் சுமையில் 0.86 முதல் 0.90 வரை தேடுங்கள்.

இ20க்கு ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு கூடுதல் எரிபொருள் தேவை; ஈசியூ (எஞ்சின் கணினி) உள்ள வண்டி ஓரளவு தானே ஈடுகட்டிக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையுள்ள பாகமான ஜெட், அதன் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும் வகையாக இருந்தால், பழைய பெட்ரோலுக்கு அமைத்த 115ஐ எடுத்துவிட்டு 119 அளவில் முயலலாம். பரப்பு விட்டத்தின் இருபடியாகக் கூடுவதால் விட்டத்தில் சிறு மாற்றமே போதும்.

கேள்வி: டைனோவில் டியூன் செய்தால் எத்தனை எச்பி கூடும்?

பதில்: கெட்டுக் கிடந்தது எவ்வளவோ அவ்வளவு. சரியாக இருக்கும் எஞ்சினில் ஒன்றுமே கூடாமலும் போகலாம்.

கேள்வி: அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸைக் கழற்றிவிட்டால் பிக்கப் கூடுமா?

பதில்: கூடாது. வேக்குவம் அட்வான்ஸ் என்பது எஞ்சின் உறிஞ்சும் வேக்குவத்தைக் கொண்டு தீப்பொறியை முன்கூட்டும் பாகம். முழுவதும் மிதிக்கும்போது வேக்குவமே இருக்காது, ஆகவே அப்போது அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. மெதுவாகப் போகும்போது மெலிந்த கலவை எரிய அதிக நேரம் எடுக்கும் என்பதால்தான் அது வைக்கப்பட்டது. கழற்றினால் மைலேஜ்தான் குறையும். ஸ்ட்ரோப் விளக்கில் டைமிங் பார்க்கும்போது மட்டும் குழாயைக் கழற்றி அடைத்துவையுங்கள். உள்ளிருக்கும் சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் அட்வான்ஸ் முன்கூட்டியே வந்துவிடும். பலர் தேடித் திரியும் நாக்கிங்கின் காரணத்தை நான் கண்டது அங்கேதான்.

கேள்வி: டீசல் காருக்கு ரீமேப் செய்வீர்களா?

பதில்: இல்லை. டீசல் பம்ப் ஆட்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்விஃப்ட்டில் எத்தனை எச்பி கூடும்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சக்கரத்தில் 85 எச்பி வந்தது. எஞ்சினிலிருந்து சக்கரம் வரை இழப்பு 15 விழுக்காடு என்பது எல்லோரும் அறிந்ததே. அப்படியானால் எஞ்சினில் 100 என்று எழுதித் தருவீர்களா?

பதில்: தர மாட்டேன். கியர் பற்களின் உராய்வு சுமையோடு கூடும். எண்ணெயைக் கலக்கும் இழப்பு வேகத்தோடுதான் கூடும். டயர் இழப்போ காற்றழுத்தத்தையும், வண்டியைக் கட்டும் பட்டையை எவ்வளவு இறுக்கினோம் என்பதையும் பொறுத்தது. பட்டையை அதன் இறுக்கியில் இரண்டு பற்கள் கூட்டி இறுக்கினாலே அந்த 85 குறையும். அப்போது உங்கள் எஞ்சின் இளைத்துவிட்டதா?

அதே நண்பர்: கிளட்சை மிதித்து வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு இழப்பை அளக்கிறார்களே, அதுவும் பொய்யா?

பதில்: பொய்யில்லை, பாதி உண்மை. கிளட்ச் மிதித்திருக்கும்போது கியர் பற்களின் மேல் சுமையே இல்லை; சுமையில் வரும் இழப்பு அந்த அளவையில் சேராது.

இன்னொருவர்: வேறோர் டைனோவில் என் வண்டி கூடுதலாகக் காட்டியதே?

பதில்: எந்தத் திருத்தக் கணக்கு (அன்றைய காற்றின் வெப்பம், அழுத்தத்தில் வந்த எச்பியை ஒரு பொது நிலைக்கு மாற்றும் கணக்கு) என்று தாளில் பாருங்கள். எஸ்ஏஇ ஜே1349 என்பது 25 டிகிரி, 99 கிலோபாஸ்கலுக்கு. டிஐஎன் 70020 என்பது 20 டிகிரி, 101.3க்கு. ஒரே ஓட்டம் இரண்டிலும் சில விழுக்காடு வேறுபடும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் திருத்தம் அவசியம்தான்; ஆனால் வெப்ப சென்சாரை ரேடியேட்டரின் சூட்டில் தொங்கவிட்டால், காற்று அனல் என்று நம்பிக் கணினி எச்பியை அள்ளிக் கொடுக்கும். டியூனிங்குக்கு முன்னும் பின்னும், ஒரே டைனோ, ஒரே கட்டு, ஒரே டயர் அழுத்தம்: இந்த வேறுபாட்டை மட்டுமே நான் மதிப்பேன். இந்த விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜென்னில் எத்தனை எச்பி...

பதில்: மூன்றாவது கேள்வி.

கேள்வி: 4500 சுற்றுக்கு மேல் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிறது. மீட்டர் மெலிந்த கலவை என்கிறது. மூன்று முறை ஜெட்டைப் பெரிதாக்கியும் தீரவில்லை. என்ன செய்வது?

பதில்: இத்தனை நேரம் காத்திருந்த கேள்வி இது. தீப்பொறி தவறும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் வெளியே போகிறது; சென்சார் அந்த ஆக்ஸிஜனைக் கண்டு மெலிவு என்று அறிவிக்கிறது. சைலன்சர் இணைப்பில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து இதே பொய்யைச் சொல்லும். ஜெட்டைப் பழைய அளவுக்கே மாற்றிவிட்டு, பிளக் இடைவெளி, பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல், காயில் என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்று முறை பெட்ரோலைக் கூட்டியிருக்கிறீர்கள் என்பதால், எஞ்சின் ஆயிலை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் அதை மாற்றுங்கள்.