பருப்பு மில் வீட்டுப் பெண்ணுக்கு சைபர் செக்யூரிட்டி சரிப்படுமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

விருதுநகரிலிருந்து நீங்கள் எழுதியதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உங்கள் மகள் பாப்பா மதுரையில் இ.ஐ.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியரிங்) மூன்றாம் வருடம் படிக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காதவளுக்கு சைபர் செக்யூரிட்டியில் யார் வேலை கொடுப்பார்கள் என்பது ஒன்று. 'உணவு உற்பத்தி நிறுவனங்களின் சைபர் அபாயத்தை ஒப்பிடுதல்' என்று பேராசிரியர் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறாரே, அதனால் பிரயோஜனம் உண்டா என்பது இரண்டாவது. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் எத்திக்கல் ஹேக்கிங் கற்றுத்தர ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்கிறார்கள், கட்டலாமா என்பது மூன்றாவது.

பணம் சம்பந்தப்பட்டதை முதலில் முடித்துவிடுவோம். இப்போது கட்டாதீர்கள். மற்ற இரண்டுக்கும் என் பதில் தைரியமான 'ஆமாம்'தான். அந்த ப்ராஜெக்ட் தலைப்பைப் பார்த்து உங்கள் மைத்துனர் சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். அவர் சிரிக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

இரண்டு கம்பெனிகளில் எதற்கு ஆபத்து அதிகம் என்று யார் கேட்கிறார்கள்? முதலில் இன்சூரன்ஸ்காரர்கள். உங்கள் மில்லுக்குத் தீ இன்சூரன்ஸ் போடுமுன் சர்வேயர் வந்து குடோனையும் வயரிங்கையும் சுற்றிப் பார்க்கிற மாதிரி, சைபர் இன்சூரன்ஸ் போடுகிறவர்களும் பார்த்துத்தான் பிரீமியம் முடிவு செய்கிறார்கள். அப்புறம் கடன் கொடுக்கும் வங்கி, சரக்கு வாங்கும் பெரிய சூப்பர் மார்க்கெட், வெளிநாட்டு இறக்குமதியாளர், முதலீட்டாளர். இவர்களுக்காக ஒப்பிட்டுப் பார்த்து அறிக்கை கொடுப்பதே ஒரு தொழில். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் ஆடிட் நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், பன்னாட்டுக் கம்பெனிகளின் இந்திய அலுவலகங்களில் இதற்கென்றே குழுக்கள் உண்டு.

அவர்கள் எப்படி ஒப்பிடுகிறார்கள் என்று பார்த்தால்தான் பாப்பாவுக்கு எங்கே இடம் இருக்கிறது என்று தெரியும். பிட்சைட், செக்யூரிட்டி ஸ்கோர்கார்டு என்று மதிப்பெண் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. இவர்கள் கம்பெனிக்குள் காலே வைப்பதில்லை. வெப்சைட் பழைய சாப்ட்வேரில் ஓடுகிறதா, மின்னஞ்சலுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா, ஊழியர்களின் பாஸ்வேர்டு எங்காவது கசிந்திருக்கிறதா என்று வெளியே தெரிவதை வைத்து ஒரு எண் போடுகிறார்கள். உபயோகமான எண்தான். ஆனால் அதில் தெரிவது பெரும்பாலும் ஆபீஸ் பக்கம். பால் காய்ச்சும் கொதிகலனோ பாக்கெட் போடும் மெஷினோ அதில் தெரியாது. இரண்டு உணவுக் கம்பெனிகளும் ஒரே மதிப்பெண் வாங்கலாம். அபாயம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கலாம்.

ஏன் என்று மூன்று சம்பவங்களில் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் பரவியது. உக்ரைனில் கம்பெனிகள் வரிக்கணக்குக்குப் பயன்படுத்திய ஒரு சாப்ட்வேரின் அப்டேட் வழியாக வந்தது. நீங்கள் தினமும் கணக்கு எழுதும் சாப்ட்வேர் அப்டேட் கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்பரி சாக்லேட் விற்கும் மாண்டலீஸ் கம்பெனியில் மட்டும் 1,700 சர்வர்களும் 24,000 லேப்டாப்புகளும் செத்துப்போயின. பத்துக் கோடி டாலர் இழப்பீடு கேட்டார்கள். இது போர்ச் செயல் என்று சொல்லி ஜூரிக் இன்சூரன்ஸ் தர மறுத்தது. வழக்கு 2022-இல்தான் சமரசத்தில் முடிந்தது. உலகின் மிகப்பெரிய இறைச்சிக் கம்பெனியான ஜே.பி.எஸ். 2021 மே கடைசியில் ரான்சம்வேரில், அதாவது கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸில், மாட்டியது. அவர்களுடைய பேக்கப் பத்திரமாகத்தான் இருந்தது. அப்படியும் 1.1 கோடி டாலர் கொடுத்தார்கள். 2025 செப்டம்பர் 29 அன்று ஜப்பானின் அசாஹி பீர் கம்பெனி தாக்கப்பட்டது. ஆர்டர் எடுக்கும், சரக்கு அனுப்பும் கம்ப்யூட்டர்கள் நின்றன. அதனால் ஜப்பானில் இருந்த ஆலைகளும் நின்றன. அவ்வளவு பெரிய கம்பெனி பேப்பரிலும் பேக்ஸிலும் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தது.

இங்கே பாப்பா கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு நல்ல பூட்டு போட்டிருக்கிறார்கள்' என்பது மட்டும் இல்லை. 'நின்றுபோனால் எத்தனை மணி நேரம் தாங்குவார்கள்' என்பதும்தான். பிஸ்கெட் கம்பெனி ஒரு வாரம் நின்றாலும் டீலர் குடோனிலும் கடையிலும் சரக்கு இருக்கும். பால் பண்ணை நின்றால்? மாட்டிடம் போய் 'சர்வர் டவுன், நாளைக்குக் கறந்துகொள்ளலாம்' என்று சொல்ல முடியாது. காலையிலும் மாலையிலும் கேன் வந்துகொண்டேதான் இருக்கும். குளிரூட்டும் தொட்டி நிறைந்தபிறகு வரும் பாலைக் கொட்டத்தான் வேண்டும். உங்கள் பருப்பு மூட்டையில் ஒரு மாதம் கிடக்கும். அப்பளத்தைக் கையாலும் தேய்த்துவிடலாம். ஆகவே ஒரே மாதிரி ஆன்டிவைரஸ், ஒரே மாதிரி பயர்வால் போட்ட நான்கு கம்பெனிகளுக்கு நான்கு விதமான அபாயம். இதைப் புரிந்துகொள்ள ஹேக்கிங் தெரிய வேண்டியதில்லை. தொழில் தெரிய வேண்டும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறேன், ஏனென்றால் பாப்பாவின் படிப்பு வேலைக்கு வருவது இங்கேதான். பாலைப் பதப்படுத்தும்போது 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைக்கிறார்கள். சூடு குறைந்தால் ஒரு வால்வு தானாகத் திரும்பி, அந்தப் பாலைப் பாக்கெட்டுக்குப் போகவிடாமல் பின்னாடி அனுப்பிவிடும். இதைக் கவனிப்பது பி.எல்.சி. என்ற சின்னப் பெட்டி. ஆபரேட்டர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர் திரை வைரஸில் உறைந்துபோனாலும் பெட்டி பாட்டுக்கு வேலை பார்க்கும். பால் சரியாகவே காய்ந்திருக்கும். ஆனால் எந்த பேட்ச் எத்தனை டிகிரியில் காய்ந்தது என்ற பதிவு அந்தக் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது? பதிவு இல்லாத பாலைத் தரக்கட்டுப்பாட்டுக்காரர் வெளியே விட மாட்டார். மெஷின் ஓடும், சரக்கு நகராது. எது நின்றால் எது நிற்கும், எது நிற்காது என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவனுக்கு ஆறு மாதம் பிடிக்கும். இ.ஐ.இ. மாணவிக்கு இது பாடத்திலேயே வருகிறது.

ஒரு கம்பெனியில் எல்லா ஆலைக்கும் ஒரே அபாயம் என்றும் நினைக்கக்கூடாது. புதிதாகக் கட்டிய ஆலை ஒரு மாதிரி இருக்கும். இன்னொருவரிடமிருந்து விலைக்கு வாங்கிய பழைய ஆலையில் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மைக்ரோசாப்ட் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. மெஷின் விற்றவர் அந்தக் கம்ப்யூட்டரோடு சேர்த்து விற்றதால் மாற்றவும் முடியாது. பிராண்டு ஒருவருடையது, தயாரித்துக் கொடுப்பது வேறொருவர் என்கிற ஏற்பாடும் உணவுத் தொழிலில் சகஜம். அந்த வேறொருவர் எந்த அறிக்கையிலும் வரமாட்டார்.

அறிக்கை என்றதும் ஒரு எச்சரிக்கை. ப்ராஜெக்ட்டுக்கு ஹட்சன், பிரிட்டானியா மாதிரி பங்குச்சந்தையில் இருக்கும் இரண்டு கம்பெனிகளை எடுத்துக்கொள்ளட்டும், ஒன்று பால், ஒன்று பிஸ்கெட். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற, தொழில் பொறுப்பு பற்றிய ஆண்டு அறிக்கையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதில் சைபர் பாதுகாப்புக் கொள்கை உண்டா, தகவல் கசிவு எத்தனை முறை நடந்தது என்ற கேள்விகள் உண்டு. இலவசமாக டவுன்லோடு செய்யலாம். ஆவின் கூட்டுறவு என்பதால் இந்த அறிக்கை அதற்குப் பொருந்தாது. அதைப் பட்டியலில் சேர்த்தால் ஒப்பீடு இடறும். சரி, எச்சரிக்கை இதுதான்: கசிவு 'பூஜ்யம்' என்று எழுதிய கம்பெனி பத்திரமானது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. ஒன்றும் நடக்காததாலும் பூஜ்யம் வரும். நடந்ததைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாததாலும் பூஜ்யம் வரும். 'இரண்டு' என்று ஒப்புக்கொண்ட கம்பெனியைத்தான் நான் சில சமயம் கூடுதலாக நம்புவேன். மாணவர்கள் கொண்டுவரும் ஒப்பீடுகளில் பாதி, இந்த ஒரு எண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கெட்டுப்போகிறது.

சைபர் சம்பவம் நடந்தால் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. இதை வைத்துப் பாப்பா ஒரு நல்ல கேள்வி தயார் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்குத் திரை உறைந்தால் ஷிப்ட் இன்சார்ஜ் யாருக்குப் போன் போடுவார்? ஆலையைப் பார்க்கப் போகும் இடத்தில் இதைக் கேட்கட்டும். பெயரும் நம்பரும் உடனே வந்தால் ஒரு ரகம். 'காலையில் ஐ.டி.காரர் வருவார்' என்றால் இன்னொரு ரகம்.

உங்களுக்கு இருக்கும் போலீஸ் கேஸ் பயம் முழுக்கத் தப்பில்லை. அனுமதி இல்லாமல் ஒரு கம்பெனியின் சிஸ்டத்துக்குள் நுழைவது, நுழைய முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்பது இரண்டையும் அவள் தொடவே கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் இருக்கிறது. காலேஜ் ப்ராஜெக்ட் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். வெளிப்படையாகக் கிடைக்கும் அறிக்கைகள், கம்பெனி அனுமதியோடு கேட்ட கேள்விகள், இவ்வளவு போதும். பேராசிரியரிடமும் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் பயிற்சிக்கு அவள் எங்கேயும் போக வேண்டாம். லீவில் வீட்டுக்கு வந்ததும் உங்கள் மில்லையே ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். நிறம் பார்த்துப் பருப்பைப் பிரிக்கும் சார்டெக்ஸ் மெஷினில் ஒரு திரை இருக்கிறது. கறுப்புப் பருப்பு விழுகிறது என்று நீங்கள் போன் செய்தால் சர்வீஸ் இன்ஜினியர் அவர் ஊரிலிருந்தே எனிடெஸ்க்கில் (தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்கும் சாப்ட்வேர்) உள்ளே வந்து செட்டிங் மாற்றுகிறாரா? வேலை முடிந்தபின் அந்த இணைப்பை யார் மூடுகிறார்கள்? பாஸ்வேர்டு மெஷின் பக்கவாட்டில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறதா? அதே வைபையில்தானே கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரும், எடைமேடைக் கம்ப்யூட்டரும், லாரி டிரைவர் யூடியூப் பார்க்கும் போனும் இருக்கின்றன? கணக்கு பேக்கப் எடுக்கும் பென்டிரைவ் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே சொருகிக் கிடக்கிறதா? அப்படியானால் வைரஸ் வந்தால் அதுவும் போச்சு. ஒரு பெரிய ஆலையை ஆராய்கிறவர்கள் கேட்பதும் இதே கேள்விகளைத்தான், அளவு மட்டும் பெரிது. அந்தப் படத்தையும் கப்பலூரிலோ திண்டுக்கல் பக்கமோ அனுமதி தரும் இன்னொரு உணவு ஆலையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ப்ராஜெக்டில் பாதி முடிந்தது.

பெண் பிள்ளை பேக்டரிக்குள் போவதா என்று அண்ணி கேட்டார்களாம். மில்லில் வளர்ந்த பிள்ளைதானே, அவள் சமாளிப்பாள்.

படிப்புச் செலவுக்கு வருகிறேன். எத்திக்கல் ஹேக்கிங் என்ற பெயரிலேயே ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் பாடம், ஐ.ஐ.டி.களின் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டெல்லில் இலவசமாக இருக்கிறது. தொழிற்சாலைத் தானியங்கிக் கட்டுப்பாடு பற்றியும் அங்கேயே பாடம் உண்டு. பார்ப்பதற்குக் காசில்லை, பரீட்சை எழுதினால்தான் சிறிய கட்டணம். அமெரிக்க அரசின் சிசா அமைப்பு, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு சிஸ்டங்களின் பாதுகாப்பு பற்றி ஆன்லைனில் இலவசப் பயிற்சி தருகிறது. இவற்றை ஆறு மாதத்தில் முடிக்கட்டும். அப்புறம் ஐ.இ.சி. 62443 என்ற, ஆலைக் கட்டுப்பாட்டு சிஸ்டங்களின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையின் அடிப்படையைப் படிக்கட்டும். ஆலைப் பாதுகாப்பு வேலை இன்டர்வியூவில் அந்த எண் காதில் விழாமல் இருக்காது. சான்றிதழுக்குச் செலவு செய்வதென்றால் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் கழித்துச் செய்யலாம், பல கம்பெனிகள் அந்தக் கட்டணத்தை அவர்களே கட்டுகிறார்கள். 'நூறு சதவீதம் வேலை' என்று போர்டு வைத்திருக்கும் மையத்தில், போன வருடம் சேர்ந்தவர்களில் மூன்று பேரின் போன் நம்பர் மட்டும் கேளுங்கள். கொடுத்தால் பேசிப் பாருங்கள்.

மதுரையிலேயே வேலை கிடைக்குமா என்றால், நேராகச் சொல்கிறேன், முதல் வேலைக்கு சான்ஸ் குறைவு. இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் ஐ.டி. வேலைகள் இருக்கின்றன, ஆனால் ஆலைப் பாதுகாப்பை ஆராயும் வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, புனேயில்தான். நம்ம பக்கத்து உணவு ஆலைகளில் இதற்குத் தனி ஆள் வைப்பது அபூர்வம். இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்க்கிறவரே இதையும் சேர்த்துப் பார்ப்பார். ஆரம்பச் சம்பளம் சாதாரண ஐ.டி. வேலைக்குச் சமமாகத்தான் இருக்கும், லட்சக்கணக்கில் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு: முதல் இரண்டு வருடம் ஏதாவது ஒரு பால் அல்லது உணவு ஆலையில் ஆட்டோமேஷன் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வருவது. சம்பளம் கொஞ்சம் குறைவு, ராத்திரி ஷிப்ட் உண்டு. என்னைக் கேட்டால் இந்த வழிதான் அவளுக்கு நல்லது. பாஸ்வேர்டு ஸ்டிக்கரை நேரில் பார்த்தவள் எழுதும் அறிக்கைக்கும், சென்னையில் உட்கார்ந்து மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவள் எழுதும் அறிக்கைக்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவனுக்குத் தெரியும்.

செமஸ்டர் முடிந்ததும் பாப்பாவை ஒரு சனிக்கிழமை கே.கே.நகர் ஆபீசுக்கு வரச் சொல்லுங்கள். இரண்டு கம்பெனிகளின் ஆண்டறிக்கையையும் டவுன்லோடு செய்து, அபாயங்கள் பற்றிய பகுதியை மட்டும் பிரிண்ட் எடுத்து வரட்டும். நீங்களும் வந்தால் நல்லது. சார்டெக்ஸ் பற்றிக் கேட்க எனக்கே நாலு கேள்வி இருக்கிறது.